போர் விமானம் வளைந்து திரும்புவதால் இன்றும் பயன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபர் 6 அன்று இந்திய விமானப்படை தன் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் சாகச நிகழ்ச்சி நடத்தியபோது, மணலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். விமானப் பொறியியல் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அந்த வாரம் முழுவதும் வகுப்பிலும் வீட்டிலும் டீக்கடையிலும் சுகோயும் தேஜஸும் போட்ட வளையங்களைப் பற்றியே என்னிடம் கேட்டார்கள். இப்படி வளையத் தெரிந்த விமானத்தை யாரால் வெல்ல முடியும் என்பதே எல்லாக் கேள்விகளின் சாரமாக இருந்தது. 2025 மே மாதத்தில் இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் எல்லையைத் தாண்டாமலேயே ஏவுகணைகளை வீசிக்கொண்ட செய்தி வந்ததும் அதே ஆட்கள் திரும்பி வந்து, அப்படியானால் வளைவதெல்லாம் வெறும் வேடிக்கைதானா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் அளவுக்கு மீறிப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அடிக்கடி காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளிதிலிருந்து சிக்கலுக்கு வரிசைப்படுத்தி இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. லாவகம் லாவகம்னு சொல்றீங்களே, சீக்கிரமா திரும்புறதுதானே அது?

அது ஒரு பகுதி மட்டுமே. திரும்பும் திறனையே பொறியாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வேகம் போனாலும் பரவாயில்லை என்று இந்த நொடியில் முழுமூச்சாக இழுத்தால் விநாடிக்கு எத்தனை பாகை திரும்பலாம் என்பது கணநேரத் திருப்பம். வேகத்தையும் உயரத்தையும் இழக்காமல் விநாடிக்கு எத்தனை பாகை திரும்பிக்கொண்டே இருக்கலாம் என்பது நீடித்த திருப்பம். முன்னதை இறக்கை தருகிறது. பின்னதில் எஞ்சினுக்கும் பெரும் பங்கு உண்டு. மிதிவண்டியில் விரைந்து வந்து ஹேண்டில்பாரைச் சட்டென்று ஒடித்தால் வண்டி திரும்பிவிடும், ஆனால் அதற்குப் பிறகு மிதித்து மிதித்துத்தான் பழைய வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும்.

கிடைமட்ட வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கை விமானமான மிராஜ் 2000 முதல் திருப்பத்தில் மிரட்டும். திருப்பம் நீண்டால் அதன் வேகம் கரையும். எஃப்-16 நீடித்த திருப்பத்துக்குப் பெயர் பெற்றது. இவற்றோடு, உருண்டு பக்கம் மாறும் விரைவும், இழந்த வேகத்தை மீட்டெடுக்கும் விரைவும், பறக்கும் திசை வேறாக இருக்கும்போதே மூக்கை எதிரியின் பக்கம் காட்டும் திறனும் லாவகத்தில் அடங்கும். ஒரே எண்ணைச் சொல்லி இந்த விமானம் அதைவிட லாவகமானது என்பவரை நம்ப வேண்டாம்.

2. 9 ஜி, 9 ஜி என்கிறார்கள். அது வேகமா, விசையா?

விசைதான். 1 ஜி என்பது பூமி நம்மை இழுக்கும் வழக்கமான விசை. 9 ஜி திருப்பத்தில் 70 கிலோ எடையுள்ள விமானி 630 கிலோ கனத்தை உணர்வார். இரத்தம் தலையிலிருந்து கால் பக்கம் இறங்குவதால் முதலில் கண் மங்கும், பிறகு நினைவு தவறும். கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-சூட், பயிற்சி பெற்ற மூச்சுமுறை, எஃப்-16இல் 30 பாகை பின்னால் சாய்த்து வைத்த இருக்கை ஆகியவை இதற்காகவே வந்தன. இன்றைய போர் விமானங்கள் பலவற்றின் உச்சவரம்பு 9 ஜியிலேயே நிற்பதற்கு மனித உடல் ஒரு முக்கியக் காரணம்.

9 ஜி என்றால் மிகச் சிறிய வட்டம் என்று பொருள் அல்ல. விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் 9 ஜி இழுத்தால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 700 மீட்டர், திருப்ப வேகம் விநாடிக்கு 20 பாகை. வேகத்தை இரட்டிப்பாக்கி அதே 9 ஜி இழுத்தால் ஆரம் நான்கு மடங்காகும், திருப்ப வேகம் பாதியாகும். வேகம் மிகக் குறைந்தாலோ இறக்கையால் 9 ஜியைத் தரவே இயலாது. இரண்டுக்கும் நடுவில், முழு ஜியும் கிடைக்கிற மிகக் குறைந்த வேகம் ஒன்று ஒவ்வொரு விமானத்துக்கும் இருக்கிறது. நெருக்கச் சண்டைக்குள் நுழையும் விமானி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது அந்த வேகத்தைத்தான்.

3. இந்தக் கணக்கெல்லாம் யார் போட்டது?

அமெரிக்க விமானப்படை விமானி ஜான் பாய்டும் கணித வல்லுநர் தாமஸ் கிறிஸ்டியும் 1960களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் போட்டார்கள். அதற்கு முன்பும் திருப்ப ஆரம், ஏறும் வேகம் எல்லாம் அளக்கப்பட்டன. ஆனால் அவை தனித்தனி எண்களாகக் கிடந்தன. எஞ்சினின் உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால் ஒரு விமானம் அந்தக் கணத்தில் எவ்வளவு விரைவாக உயரத்தையோ வேகத்தையோ சேர்க்கலாம் என்பது தெரியும். எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எத்தனை ஜியில் நம் விமானத்துக்கு மிச்சம் இருக்கிறது, எதிரிக்கு இல்லை என்பதை ஒரே வரைபடத்தில் காட்ட இந்தக் கணக்கு வழி செய்தது.

எஃப்-15, எஃப்-16 வடிவமைப்பில் இந்தச் சிந்தனை ஊறியிருக்கிறது. உயரமும் வேகமும் கையிருப்புப் பணம், திருப்பம் என்பது செலவு என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பின்வரும் பதில்களில் நான் ஆற்றல் என்று எழுதுவது இந்தக் கையிருப்பையே.

4. வியட்நாமில் ஏவுகணையை நம்பி ஏமாந்தார்கள், துப்பாக்கி வைத்த பிறகுதான் ஜெயித்தார்கள். சரிதானே?

பாதி சரி. எஃப்-4 ஃபான்டம் உள்ளிணைத்த பீரங்கி இல்லாமலே வந்தது. தொலைதூரச் சண்டைக்கு என்று அது சுமந்த ஸ்பாரோ ஏவுகணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் இலக்கை வீழ்த்தியது. எதிரியைக் கண்ணால் பார்த்து அடையாளம் கண்ட பிறகே சுட வேண்டும் என்ற கட்டளையும் பெரும்பாலும் இருந்ததால், தொலைவில் சுடுவதற்காகக் கட்டிய கனமான விமானம், சிறியதும் சட்டென்று திரும்பக்கூடியதுமான மிக்-17இன் பக்கத்திலேயே போய் மாட்டிக்கொண்டது.

மீதிப் பாதிதான் சுவையானது. அமெரிக்க விமானப்படை எஃப்-4இ வகையில் பீரங்கியை உள்ளே வைத்தது. அதன் வெற்றி விகிதம் பெரிதாக உயரவில்லை. கடற்படை தன் ஃபான்டம்களில் கடைசிவரை உள் பீரங்கி வைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக 1968இல் கேப்டன் ஆல்ட் தலைமையில் ஏவுகணைகளின் தோல்வியைக் குடைந்து ஆராய்ந்தது; 1969 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மிராமரில் டாப்கன் என்ற வான்சண்டைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, தம் விமானத்தின் ஆற்றல் எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதைத் தன் விமானிகளுக்குக் கற்பித்தது. இழந்த ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டைச் சற்றே மிஞ்சி வீழ்த்திக்கொண்டிருந்த கடற்படை, போரின் பிற்பகுதியில் பன்னிரண்டு வரை வீழ்த்தியது. விமானம் அதேதான். லாவகத்தின் மதிப்பைப் பேசும்போது இந்த ஒரு செய்தியை நான் விடுவதே இல்லை.

5. ஃபாக்லாந்து போரில் ஹாரியர் நடுவானில் பிரேக் போட்டு எதிரியை முன்னால் விட்டுச் சுட்டதாமே?

நல்ல கதை, நடந்ததாகச் சான்று இல்லை. எஞ்சின் முனைகளைத் திருப்பித் திடீரென்று வேகம் குறைக்கும் உத்தி ஹாரியரில் உண்மையாகவே உண்டு, பயிற்சிகளில் அது பயன்பட்டதும் உண்மை. 1982 போரில் பிரிட்டனின் சீ ஹாரியர்கள் வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்காமல் ஏறத்தாழ 20 அர்ஜென்டின விமானங்களை வீழ்த்தியது புதிய சைட்விண்டர் ஏவுகணையாலும் நல்ல பயிற்சியாலும்தான். மேலும், தாய்நாட்டிலிருந்து எரிபொருள் எல்லையின் விளிம்புவரை பறந்து வந்த அர்ஜென்டின விமானிகளுக்கு நின்று சண்டையிட நேரமே இருக்கவில்லை.

6. சுகோய் பாம்பு மாதிரி படமெடுக்குதே, கோப்ரா. அதைச் சண்டையில் செய்தால் பின்னால் வருகிறவன் காலிதானே?

1989இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் விக்டர் புகச்சோவ் சு-27ஐ மூக்கைச் செங்குத்துக்கும் அப்பால் தூக்கி, மறுபடி கீழே இறக்கிக் காட்டியபோது மேற்கத்திய விமானிகள் வாயடைத்து நின்றார்கள். அத்தனை பெரிய தாக்குகோணத்தில் (இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணம்) எஞ்சின் அணையாமல், விமானம் சுழலில் சிக்காமல் மீள்வது உண்மையான பொறியியல் சாதனை. ஆனால் அதைச் செய்து முடிக்கும்போது விமானத்தின் வேகத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. 3ஆம் கேள்வியின் சொல்லில் சொன்னால், பணப்பையை ஒரே வீச்சில் காலி செய்கிறார். பின்னால் வந்தவர் ஒருவர் முந்திச் சென்றாலும், அவருக்குத் துணையாக மேலே வரும் இரண்டாமவருக்கு, வானத்தில் ஏறத்தாழ நின்றுவிட்ட விமானம் கையில் கிடைத்த கனி. எந்தப் போரிலும் கோப்ராவால் ஒரு விமானம் வீழ்த்தப்பட்டதாகப் பதிவு இல்லை.

7. அப்படியானால் எஞ்சின் முனையைத் திருப்பும் வசதிக்கு அத்தனை செலவு ஏன்?

உந்துவிசையைத் திசைதிருப்பும் முனைகள் சுகோய்-30 எம்.கே.ஐ.யில் உள்ளன, பிரமோஸ் ஏவுகணையோடு 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் அமைந்த 222ஆம் படைப்பிரிவு ஓட்டுவதும் இதே விமானத்தைத்தான். அமெரிக்காவின் எஃப்-22இலும் உண்டு. இறக்கையும் வாலும் காற்றைப் பிடிக்க இயலாத மிகக் குறைந்த வேகத்திலும் மூக்கைத் திருப்ப அவை உதவும். 1990களில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து பறக்கவிட்ட எக்ஸ்-31 சோதனை விமானம், ஒருவருக்கு ஒருவர் என்ற நெருக்கச் சண்டைப் பயிற்சியில் இது பெரிய ஆயுதம் என்று காட்டியது. அதிகம் பேசப்படாத இன்னொரு பயன், காற்று மெலிந்த உயரத்திலும் ஒலியை மிஞ்சிய வேகத்திலும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. எனக்கு அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது.

ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்ற அந்தச் சொற்றொடரில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2012இல் அலாஸ்காவில் நடந்த ரெட் ஃப்ளாக் பயிற்சிக்கு வந்த ஜெர்மானிய யூரோஃபைட்டர்கள், கூடுதல் எரிபொருள் கலன்களைக் கழற்றிவிட்டு எஃப்-22ஓடு நெருக்கத்தில் மோதியபோது சமமாக நின்றதாக அவர்களே சொன்னார்கள். முனையைத் திருப்பி மூக்கைக் காட்டிய எஃப்-22 அந்தக் கணத்தில் எதிரியை வீழ்த்தாவிட்டால், ஆற்றல் இழந்து கீழே இறங்க வேண்டியதாகிவிடும் என்பது அவர்கள் கண்ட பலவீனம். தொலைவில் அவர்களுக்கு எஃப்-22 கண்ணில் படுவதே அரிது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

8. தலைக்கவசத்திலேயே குறி பார்க்கலாம் என்கிறபோது விமானம் ஏன் திரும்பணும்? தலை திரும்பினால் போதாதா?

நெருக்கச் சண்டையின் கணக்கை மாற்றியது இதுதான். சோவியத் ஒன்றியம் 1980களில் ஆர்-73 ஏவுகணையையும் தலைக்கவசக் குறிகாட்டியையும் மிக்-29இல் இணைத்தது. 1990இல் ஜெர்மனி ஒன்றானபோது கிழக்கு ஜெர்மனியின் மிக்-29கள் நேட்டோவின் கைக்கு வந்தன. அவற்றோடு பயிற்சியில் மோதிய மேற்கத்திய விமானிகள், தங்கள் மூக்கு திரும்பி முடிவதற்குள் எதிரி தலையைத் திருப்பிச் சுட்டுவிடுகிறான் என்பதை உடம்பால் உணர்ந்தார்கள். ஐரிஸ்-டி, ஏ.ஐ.எம்-9எக்ஸ், பைத்தான்-5 போன்ற குறுந்தொலைவு ஏவுகணைகள் பெருமளவு அதற்குப் பதிலாக வந்தவை. இன்று பக்கவாட்டில் 90 பாகையில் இருப்பவரையும் சுடலாம்.

ஆகவே மூக்கை முதலில் திருப்புகிறவர் வெல்வார் என்ற பழைய விதி தளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் இந்த வசதி இருந்தால் நெருங்கிய இருவருமே வீழ்வதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த நெருக்கத்துக்குப் போகாமலிருப்பதே இப்போதைய கல்வி. இருந்தாலும் பக்கவாட்டில் ஏவிய ஏவுகணை முதலில் தானே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் அதன் ஆற்றலும் கரைகிறது. மூக்கை ஓரளவாவது இலக்கின் பக்கம் கொண்டுவந்து ஏவியவரின் ஏவுகணை கூடுதல் தொலைவு போகும்.

9. ஏவுகணையே 100 கிலோமீட்டர் போகுதே. அப்புறம் எதுக்கு வளையணும்?

விளம்பரத் தாளில் அச்சிடும் அந்த 100 கிலோமீட்டர், இரு விமானங்களும் மிக உயரத்தில், மிக விரைவாக, ஒன்றை ஒன்று நோக்கிப் பறக்கும்போது கிடைப்பது. வழக்கமான ஏவுகணையின் எஞ்சின் சில விநாடிகளே எரியும். மீதித் தொலைவு முழுவதும் வில்லிலிருந்து விட்ட அம்பைப் போல, சேர்த்த வேகத்தைச் செலவழித்தபடி அது மிதந்துதான் செல்கிறது. இலக்கு திரும்பி ஓட ஆரம்பித்தால் பயனுள்ள தொலைவு அச்சிட்டதில் ஒரு பகுதியாகச் சுருங்கிவிடும். தாழ்வான உயரத்தில் அடர்ந்த காற்று அதை இன்னும் சுருக்கும்.

இங்கே லாவகத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. சுடுகிறவருக்கு, விரைவாக உயரத்தையும் வேகத்தையும் சேர்த்து அவற்றை ஏவுகணைக்கு முதலீடாகத் தருவது. உக்ரைன் போரில் ரஷ்யாவின் மிக்-31கள் உயரத்தில் விரைந்து பறந்து ஆர்-37எம் ஏவுகணைகளை வெகு தொலைவிலிருந்து ஏவியதும், உக்ரைன் விமானிகள் தரையை ஒட்டிப் பறக்க வேண்டியிருந்ததும் இந்த ஏற்றத்தாழ்வின் விளைவு. மிக்-31 திருப்பத்தில் மந்தமான விமானம் என்பதைக் கவனிக்கவும். உயரமும் வேகமும் இருந்ததால் அதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சுடப்படுகிறவருக்கு, அந்த எல்லையை விட்டு விரைவாக விலகுவது. 180 பாகை திரும்ப, விநாடிக்கு 20 பாகை திரும்பும் விமானத்துக்கு 9 விநாடி, 12 பாகை திரும்பும் விமானத்துக்கு 15 விநாடி. அந்த 6 விநாடி வேறுபாட்டில், விநாடிக்கு 900 மீட்டர் போகும் ஏவுகணை 5 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். மீட்டியார் போன்ற ஏவுகணைகளில் எஞ்சின் கடைசிவரை எரிந்து தள்ளுவதால் தப்பும் இடம் மிகவும் குறைகிறது. அப்போது அந்த 6 விநாடியின் விலையும் கூடுகிறது.

10. ஏவுகணை 30 ஜி, 40 ஜி திரும்புமாம். 9 ஜி விமானம் எப்படித் தப்பும்?

2ஆம் கேள்வியின் கணக்கையே மறுபடி போடுவோம். விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் 30 ஜி இழுக்கும் ஏவுகணையின் வட்ட ஆரம் ஏறத்தாழ 2,750 மீட்டர். திருப்ப வேகம் விநாடிக்கு 19 பாகை. விமானத்தின் 20 பாகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ சமம். அதாவது 30 ஜி என்ற எண் அச்சுறுத்துகிற அளவுக்கு அது விமானத்தைவிடத் துரிதமாகத் திரும்பவில்லை. அதன் வேகம் அந்த ஜியைத் தின்றுவிடுகிறது.

ஆனாலும் கடைசி நொடியில் வளைந்து தப்பலாம் என்று நம்புவது தற்கொலைக்குச் சமம். ஏவுகணை விமானத்தின் வட்டத்தைப் பின்தொடர்வதில்லை. அது போய்ச் சேரும் இடத்தைக் கணித்து முன்கூட்டியே அங்கே போகிறது, நேரடியாக மோதாமல் அருகில் வெடித்தாலும் போதும். அதனால் தப்பிப்பது தொலைவிலேயே தொடங்குகிறது. ஏவுகணையைப் பக்கவாட்டில் இழுத்து வளைய வைத்து அதன் ஆற்றலைக் கரைப்பது, அடர்ந்த காற்றுக்குள் இறங்குவது, எதிரியின் ராடாருக்குச் சரியாகக் குறுக்கே பறப்பது ஆகியவை வழக்கமான உத்திகள். குறுக்கே பறக்கும்போது விமானம் ராடாரை நோக்கி நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. நகரும் பொருளைத் தரையின் எதிரொலியிலிருந்து பிரித்தறியும் ராடாருக்கு அது கொஞ்ச நேரம் தரையோடு தரையாகக் கலந்துவிடக்கூடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 40,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆகவே விளம்பரத்தில் உள்ள 9 ஜியை அங்கே தொடர்ந்து இழுக்க எந்த விமானத்தாலும் இயலாது. தொலைதூரச் சண்டை பெரும்பாலும் நடப்பது அந்த மெலிந்த காற்றில்தான்.

11. 1991க்குப் பிறகு நெருங்கிய சண்டை நடக்கவே இல்லை என்கிறார்களே?

குறைந்தது, ஒழியவில்லை. 1991 வளைகுடாப் போரில் எஃப்-15கள் பெற்ற வெற்றிகளில் பெரும்பகுதி ஸ்பாரோ ஏவுகணையால் கிடைத்தது. வியட்நாமில் ஏமாற்றிய அதே பெயர், ஆனால் உள்ளே புதிய மின்னணுவும், பெரிய ராடாரைச் சுமந்து வானிலிருந்தே வழிகாட்டிய அவாக்ஸ் விமானமும்.

2017 ஜூன் 18 அன்று சிரியாவில் அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 ஒன்று, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சென்ற சிரிய சு-22 மீது ஏவிய ஏ.ஐ.எம்-9எக்ஸ் தவறிவிட்டது, அடுத்து ஏவிய அம்ராம் என்ற தொலைதூர ராடார் ஏவுகணைதான் வீழ்த்தியது. ஒரு பழைய விமானம், மிக நவீன ஏவுகணை, மிகக் குறைந்த தூரம். அப்படியும் முதல் அடி பொய்த்தது. போர் என்று அறிவிக்காத வானத்தில், யார் எவர் என்று தெரியாமல் சுடக்கூடாது என்ற விதி இருக்கும்வரை விமானிகள் அருகில் போய்ப் பார்க்க வேண்டிவரும். அருகில் போனவருக்கு உடனே அகலவும் தெரிந்திருக்க வேண்டும்.

12. 2019இல் அபிநந்தன், 2025இல் மே மோதல். இரண்டிலும் லாவகம் என்ன செய்தது?

2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் வர்தமான் ஓட்டிய மிக்-21 பைசன் வீழ்ந்தது. அவர் பாகிஸ்தானில் பிடிபட்டு விடுவிக்கப்பட்டார். அவர் ஓர் எஃப்-16ஐ வீழ்த்தினார் என்பதை இந்தியா கூறுகிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. பாகிஸ்தான் பக்கத்திலிருந்து அம்ராம் ஏவப்பட்டதற்குச் சான்றாக அதன் பாகங்களை இந்தியா காட்டியது. தொலைவிலிருந்து வந்த அந்த அச்சுறுத்தலே அன்றைய சண்டையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது என் புரிதல்.

2025 மே மாதம் இன்னும் தெளிவானது. சீனாவின் பி.எல்-15 ஏவுகணையின் பாகங்கள் பஞ்சாபின் ஹோஷியார்பூர் பகுதியில் கிடைத்தன. இந்திய விமான இழப்பு உண்டு என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை கூறவில்லை. யார் எந்தக் கணத்தில் எப்படித் திரும்பினார் என்பது வெளிவராத நிலையில், இந்த மோதலைக் காட்டி லாவகம் செத்தது என்றோ வாழ்கிறது என்றோ தீர்ப்பு எழுதுவது அவசரம். எதிரியின் ஏவுகணை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முன்கூட்டிச் சரியாக அறிந்திருப்பது எந்த வளைவையும்விட முக்கியம் என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம்.

13. எஃப்-35 பழைய எஃப்-16இடமே தோற்றதாமே? அதற்கு ஏன் இத்தனை விலை?

2015இல் கசிந்த ஒரு சோதனை அறிக்கையிலிருந்து வந்தது இது. பெரிய தாக்குகோணங்களில் எஃப்-35இன் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பரிசோதிப்பது அந்தப் பறப்பின் நோக்கம்; அதில் எஃப்-35 ஆற்றலில் பின்தங்கியதாக விமானி எழுதினார். முழுப் போரின் ஒத்திகையாக அதை நடத்தவில்லை. ஆனால் குறை கூறியவர்கள் கையில் வேறொரு வலுவான எண்ணும் இருந்தது: எஃப்-35ஏயின் நீடித்த திருப்பத்துக்கான இலக்கு 5.3 ஜியிலிருந்து 4.6 ஜியாகக் குறைக்கப்பட்டது. அது மறைக்க இயலாத உண்மை.

எண்ணில் அவர்கள் சரி, முடிவில் அவசரப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். எஃப்-35 குண்டையும் எரிபொருளையும் வயிற்றுக்குள் சுமக்கிறது. எஃப்-16 அதே சுமையை இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டால் மெரினாவில் பார்த்த வகை வளைவுகள் அதற்குக் கிடைக்காது. கண்காட்சிக்கு வரும் விமானம் குறைந்த எரிபொருளோடு, ஆயுதமின்றி வருகிறது. போருக்குப் போகும் விமானம் சீர்வரிசை சுமந்த மாட்டுவண்டி.

14. ராடாருக்கே தெரியாத விமானம் வந்தபிறகு லாவகத்துக்கு வேலை ஏது?

1991இல் அமெரிக்கா தன் அடுத்த போர் விமானத்தைத் தேர்ந்தெடுத்தபோது, லாவகத்தில் மேலான ஒய்.எஃப்-22 வென்றது, மறைவில் மேலானது என்று பொதுவாகக் கருதப்படும் ஒய்.எஃப்-23 தோற்றது. அதிலிருந்து வந்த எஃப்-22 வானில் வீழ்த்திய முதல் இலக்கு, 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மிதந்த ஒரு சீன பலூன் என்பது வரலாற்றின் குறும்பு. இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது: 2024 டிசம்பரில் செங்டு நகரின் மேல் பறந்து படமெடுக்கப்பட்ட பெரிய சீன விமானத்துக்குச் செங்குத்து வால் இறக்கைகூட இல்லை. வால் போனால் ராடாரில் தெரிவது குறையும், ஆனால் சட்டென்று திரும்பும் பிடிமானத்திலும் கொஞ்சம் போகும். அதை வடிவமைத்தவர்கள் அந்தப் பேரத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இரு பக்கமும் மறைவான விமானங்களை வைத்திருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் தாமதமாக, மிக அருகில்தான் காண்பார்கள். அப்போது தாத்தா காலத்து நெருக்கச் சண்டை மறுபடி வந்துவிடும் என்கிறார்கள். வெப்பத்தைக் காணும் அகச்சிவப்பு உணரிகளும், விமானங்கள் தமக்குள் தகவலைப் பகிரும் டேட்டா லிங்க்கும் இந்தச் சந்திப்பைத் தொலைவுக்குத் தள்ளும் என்பது என் எண்ணம். ஆனால் இதைப் போர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

15. ஆளில்லா விமானம் 20 ஜி திரும்பும், விமானி மயங்க மாட்டார். அதோடு எல்லாம் முடிந்தது?

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியில், கணினித் திரைச் சண்டையில் ஒரு மென்பொருள், அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5க்கு 0 என்று வென்றது. 2023இல் எக்ஸ்-62 ஏ என்ற மாற்றியமைத்த எஃப்-16ஐ மென்பொருள் ஓட்டி, மனிதர் ஓட்டிய எஃப்-16ஓடு உண்மையான வானத்தில் மோதவிட்டார்கள். ஆகவே திறமை பற்றிய கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது.

செலவு பற்றிய கேள்விக்குக் கிடைக்கவில்லை. 20 ஜி தாங்கும் சட்டகத்துக்கு எடை கூடும், எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்கு அதிக எரிபொருள் வேண்டும். மேலும் 30 ஜி திரும்பும் ஆளில்லாப் பறக்கும் பொருள் ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதற்கு ஏவுகணை என்று பெயர். அதனால்தான் இப்போது வளர்க்கப்படும் துணை ஆளில்லா விமானங்களில், தொலைவில் பறந்து உணரிகளையும் ஏவுகணைகளையும் சுமப்பதற்கு முன்னுரிமை கிடைக்கிறது.

16. நம்ம தேஜஸ் 8 ஜிதானாமே. அது குறைதானே?

பெரிய குறை அல்ல. சூலூரில் நிற்கும் தேஜஸின் எல்லை 8 ஜி. எஃப்-16க்கு 9 ஜி. 1ஆம் கேள்வியில் கூறிய முக்கோண இறக்கையின் தன்மையே இதற்கும் உண்டு. அதனால் 8 ஜியா 9 ஜியா என்பதைவிட, திரும்பிய பிறகு வேகத்தை மீட்க எஞ்சினில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியே தேஜஸுக்குப் பொருத்தமானது.

17. கையில் உள்ள பணம் கொஞ்சம்தான். நல்ல ராடாரா, நல்ல ஏவுகணையா, லாவகமான விமானமா? எதை வாங்கச் சொல்வீர்கள்?

முதலில் ஏவுகணை, ராடார், டேட்டா லிங்க், விமானிகளின் பறப்பு நேரம். லாவகத்துக்கு ஒரு தரைமட்டம் இருந்தால் போதும்: 9ஆம் கேள்வியில் பார்த்தபடி உயரத்தையும் வேகத்தையும் விரைவில் சேர்க்கவும், ஏவுகணையின் எல்லையை விட்டு விரைவில் விலகவும் இயல வேண்டும். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு பாகைக்கும் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும், அதன் பயனோ குறைந்துகொண்டே போகும்.

ஆனால் அந்தத் தரைமட்டத்தை வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ராடாரையும் ஏவுகணையையும் மென்பொருளையும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். இறக்கையை மாற்ற முடியாது. மிக்-21 பைசனே இதற்குச் சான்று. புதிய ராடார், ஆர்-73, தலைக்கவசக் குறிகாட்டி எல்லாம் ஏற்றிய அந்தச் சிறிய விமானம், 2004இல் குவாலியரில் நடந்த பயிற்சியில் அமெரிக்க எஃப்-15 விமானிகளை வியக்க வைத்தது. அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவாகவும், தொலைதூர ஏவுகணைப் பயன்பாட்டில் கட்டுப்பாட்டோடும் பறந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அதன் சிறிய முக்கோண இறக்கை 1950களில் வரைந்ததுதான். நீண்ட திருப்பத்தில் ஆற்றலைக் கரைக்கும் அதன் இயல்பு, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அது ஓய்வு பெறும்வரை மாறவே இல்லை.